இது யாரு நம்பர் மேடம்?

செல்போன் கடை வைத்திருப்பவளுக்கு உலகத்தில் உள்ள எல்லா நம்பருக்கும் சொந்தக்காரர் யார் என்று தெரியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் நான் சிம் விற்கிறேன், ரீசார்ஜ் செய்கிறேன், உடைந்த கண்ணாடியை மாற்றித் தருகிறேன். அவ்வளவுதான். என் கம்ப்யூட்டரில் ஒரு நம்பரைத் தட்டினால் பேரும் விலாசமும் வந்து விழாது. அதெல்லாம் சிம் கம்பெனியிடம் இருக்கிறது. போலீஸ் எழுதிக் கேட்டால்தான் கொடுப்பார்கள். இதைச் சொன்னால், "மனசு வெச்சா உங்களால முடியும் மேடம்" என்கிறார்கள். நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தால் அந்த 'மனசு வெச்சா'வைக் கேட்டுக் கேட்டு நொந்திருப்பீர்கள்.

குமார் மாமா

காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும் நேரம். யூனிஃபார்ம் போட்ட ஒருவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்த நம்பரைக் காட்டி, யாருடையது என்று கேட்டார். "வீட்ல இருக்கற என் ஒய்ஃப் போனுக்கு வருது. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. நான் டூட்டில இருக்கற நேரமாப் பாத்து வருது." குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு பயம் வந்தது அதனால்தான். கத்துகிறவன் கத்திவிட்டுப் போய்விடுவான். இவர் ஏற்கெனவே எதையோ முடிவு செய்துவிட்டவர் மாதிரி பேசினார்.

என்னால் முடியாது என்றேன். பேர் காட்டும் ஆப் ஒன்றை அவரே இறக்கி வைத்திருந்தார். அதில் 'குமார் மாமா' என்று வந்தது. "அவளுக்கு குமார்னு மாமாவே கெடையாது மேடம்." அந்த ஆப்பில் வருவது வேறு யாரோ தன் போனில் பதிந்து வைத்த பேர், அதை நம்பக்கூடாது என்று விளக்கினேன். காதில் ஏறவில்லை. "அட்ரஸ் மட்டும் சொல்லுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். இவரை இப்படியே வீட்டுக்கு அனுப்பினால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று நினைத்தேன். கடை போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, நானே அந்த நம்பரை அடித்தேன்.

நான் ஹலோ சொல்வதற்குள் ஹாரன் சத்தம், கூடவே குழந்தைகள் கூச்சல். "யார் வூட்டு அம்மா பேசறது? வேன் கொஞ்சம் லேட்டும்மா. லாரி ஒண்ணு குறுக்க நிக்கிது. இப்பவே ரோட்டுக்கு வந்து நிக்காதீங்க." ஸ்கூல் வேன் ஓட்டும் குமார். வேனில் ஏறும் குழந்தைகளுக்கெல்லாம் அவர் மாமா. இவருடைய மகளை இந்த வருஷம்தான் ஸ்கூலில் சேர்த்திருந்தார்களாம். அவர் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை. போகும்போது வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்: "நான் வந்து கேட்டத என் ஒய்ஃப் கிட்ட சொல்லிடாதீங்க மேடம், அவளும் உங்க கடைலதான் ரீசார்ஜ் பண்றா."

ஏழுமலையை மிரட்டியவன்

ஏழுமலை சிங்கப்பெருமாள் கோவில் ஊருக்கும் எங்கள் ஸ்டாப்புக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கரண்டைத் துண்டிக்கப் போகிறோம், உன் மேல் கேஸ் இருக்கிறது, போலீஸ் வரும் என்று ஒரு நம்பரிலிருந்து அவரைத் தினமும் மிரட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆளைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லி என் கடையில் குதித்தார். ஸ்டேஷனில் புகார் கொடுங்கள் என்று அனுப்பினேன்.

சில நாள் கழித்து மறுபடி வந்தார். ஆட்டோவைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஓடி வந்தவருக்கு நாக்கு குழறியது. போலீஸ் விசாரித்ததில் அந்த சிம் ஏழுமலையின் பேரில், ஏழுமலையின் ஆதாரில் வாங்கியதாம். அதே நம்பரிலிருந்து வேறு பலரையும் மிரட்டியிருக்கிறார்கள். இப்போது அவரையே விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "என்னிய உள்ள வெச்சிடுவாங்களா மேடம்? வூட்ல சோறு தண்ணி எறங்கல."

தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, சிம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். ரோட்டோரம் குடை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவனிடம் வாங்கினாராம். கட்டைவிரலை வைத்ததும், "சரியா பதியல, இன்னொரு வாட்டி வை" என்றானா என்று கேட்டேன். "ஆமா! ஒங்களுக்கு எப்டித் தெரியும்?" என்று வாயைப் பிளந்தார். முதல் ரேகைக்கு ஒரு சிம் அவர் கையில். இரண்டாவது ரேகைக்கு எடுத்த சிம் வேறு எவன் கையிலோ. கூடவே ஸ்டேஷனுக்குப் போய் இதைச் சொன்னேன். அவர்கள் எழுதி வாங்கிக்கொண்டு, அந்தக் குடைக்காரனைத் தேட ஆரம்பித்தார்கள்; ஏழுமலையை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியே வந்து ஆட்டோவில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "அப்போ இத்தினி நாளா என்னிய மெரட்டிக்கினு இருந்தது நானேவா மேடம்?"

பச்சை சுடிதார்

இசக்கிக்கு ஊர் தென்காசிப் பக்கம். இங்கே எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை, ஹாஸ்டலில் தங்கல். ஒருநாள் சாயங்காலம் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் வந்தாள். கவுண்டரில் போனை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். ஏதோ ஒரு நம்பரிலிருந்து ஒருத்தன் கூப்பிட்டு அசிங்கமாகப் பேசுகிறானாம். "எந்த பஸ்ல ஏறுதேன், எந்த சீட்ல இருக்கேன், எல்லாம் சொல்லுதான். நான் யாருக்கும் நம்பர் குடுக்கலக்கா. ரீசார்ஜுக்கு ஒங்க கடைல மட்டுந்தான் சொல்லிருக்கேன்." அவள் கேட்டது தப்பில்லை. பெண்களின் நம்பரை வெளியே விடுகிற கடைகளும் உண்டு. நான் அப்படி இல்லை என்று வாயால் சொல்லி என்ன பிரயோஜனம்?

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அதே நம்பர். ஸ்பீக்கரில் போடச்சொல்லி ஜாடை காட்டினேன். "பச்சை சுடிதார் சூப்பர். போன் கடைல என்ன வேலை?"

அவள் பச்சை சுடிதார்தான் போட்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தோம். பஸ் ஸ்டாப்பில் அத்தனை கூட்டம். அத்தனை பேர் காதிலும் கையிலும் போன். அவளை உள்ளே இழுத்து உட்காரவைத்தேன். என் கையில் இருந்த ஒரே வழி, பணம் அனுப்பும் ஆப். நம்பரைப் போட்டால், பணம் அனுப்பும் முன்னாலேயே எதிராளியின் பேங்க் பேர் வரும். போட்டேன். முழுப் பேர் இனிஷியலோடு வந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். "இது எங்க பஸ்ல ஐடி கார்டு பாக்குற அண்ணன்லா" என்றாள். பஸ் எப்போது வரும் என்று சொல்வதற்காக எல்லாப் பெண்களின் நம்பரையும் வாங்கி குரூப் ஆரம்பித்தவனே அவன்தான்; குரூப்பில் அவன் வைத்திருந்தது வேறு நம்பர், அங்கே தன் நம்பரைக் கொடுத்ததை அவள் கணக்கிலேயே வைக்கவில்லை.

கடையைச் சாத்திவிட்டு அவளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த பெண் எஸ்.ஐ. அந்த நம்பருக்குப் போட்டு, தான் யார் என்று சொன்னதும், அவன் போனைக் கட் செய்துவிட்டான். விஷயம் தெரிந்து அதே பஸ்ஸில் வரும் இன்னும் சில பெண்கள் தங்கள் போனைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார்கள். அவர்களுக்கும் வந்திருக்கிறது, பயந்து சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அவன் மேல் கேஸ் போட்டார்கள், வேலையும் போனது. எதற்கும் இருக்கட்டும் என்று நான் ஒரு புது சிம்மை எடுத்து நீட்டினேன். இசக்கி அதைத் தொடவே இல்லை. "நான் எதுக்குக்கா நம்பர மாத்தணும், அவம் மாத்தட்டும்."

பேசாத நம்பர்

ஆரோக்கியமேரி அம்மா பக்கத்து கிராமம். கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வரும் நேரத்துக்குச் சரியாக ஒரு நம்பரிலிருந்து போன் வருமாம். எடுத்தால் பேச்சே இருக்காது. கொஞ்ச நேரம் கழித்துக் கட்டாகிவிடும். அவருடைய மகன் ராபர்ட், கல்யாண விஷயத்தில் அப்பாவோடு சண்டை போட்டு, அடி வாங்கி, வீட்டை விட்டுப் போனவன். எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. "அவனா இருக்குமாம்மா?" என்று கேட்டவரின் விரல்கள் கவுண்டர் கண்ணாடியில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன.

அந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு பெரியவர் எடுத்தார். சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் டீக்கடையாம். "ஆமா, என் போன்தான். ஒரு தம்பி ஞாயித்துக்கெழமன்னா வந்து கேப்பான். அடிச்சிட்டு காதுல வெச்சிக்கினு சும்மா நிப்பான். குடுத்துட்டுப் போயிடுவான்." ஆள் எப்படி இருப்பான் என்று கேட்டேன். "கம்பெனி டிரஸ்ஸு. புருவத்துல ஒரு தழும்பு கீது." அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். வளையல் என் தோலில் அழுந்தியது.

இப்போதே ஷேர் ஆட்டோ பிடித்துப் போனால் டீக்கடையில் விசாரிக்கலாம், அடுத்த ஞாயிறு அங்கேயே போய் நின்றால் கையோடு கூட்டி வரலாம் என்றேன். அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோடு வரை போனார். ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஏறவில்லை. ஆட்டோ போய்விட்டது. திரும்பி வந்து என் எதிரில் நின்றபோது அவர் கண் கலங்கவில்லை. "வேணாம்மா, நான் கண்டுபுடிச்சிட்டேன்னு தெரிஞ்சா அந்த போனையும் நிறுத்திடுவான்."

இத்தனைக்கும் பிறகு, 'நம்பர் யாருடையது என்று இங்கே கண்டுபிடித்துத் தரப்படமாட்டாது' என்று ஒரு போர்டு எழுதி மாட்டினேன்; அதைப் பார்த்த பிறகுதான் இதையெல்லாம் இந்தக் கடையில் கேட்கலாம் என்றே தெரிந்தது என்று சொல்லிக்கொண்டு இப்போது புதிது புதிதாக ஆட்கள் வருகிறார்கள்.