மாதர் சங்கத்து ராணிகள்

ராணி என்றால் இடுப்பு வேண்டும் என்று எங்கள் மந்தைவெளி மாமிகள் எல்லோரும் நம்பினார்கள். வாரப் பத்திரிகைகள்தான் காரணம். சரித்திரத் தொடர்கதைகளுக்குப் படம் போட்டவர்கள், ஒரு பிடிக்குள் அடங்கும் இடுப்போடும் காதைத் தொடும் கண்ணோடும் ராணிகளை வரைந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். மாமிகள் அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து, "இதே மாதிரி பண்ணிடு" என்பார்கள். பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, வேளைக்கு நெய் ஊற்றிச் சாப்பிட்ட உடம்பை வைத்துக்கொண்டு 'இதே மாதிரி' என்றால் நான் எங்கே போவேன்? ஊக்கு குத்திக் குத்தி என் விரல்தான் இளைத்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. கல்லூரியை முடித்துவிட்டு, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண் என்கிற உத்தியோகத்தில் இருந்தேன். தையல் வகுப்புக்குப் போனவள் என்று பெயர் இருந்ததால், தெரு மாதர் சங்கத்து ஆண்டு விழாவின் உடை அலங்காரம் என் தலையில் விழுந்தது. அந்த வருஷம் 'ராணிகள் அணிவகுப்பு' நடத்துவதென்று தலைவி மாமி முடிவு செய்திருந்தாள். கதையில் வந்த ராணிகள் சிலர், சரித்திரத்து ராணிகள் சிலர். ஒவ்வொருவராக மேடையில் வந்து நிற்க வேண்டும். ஒருவர் ஒலிபெருக்கியில் அந்த ராணியைப் பற்றி வாசிப்பார். வசனம் கிடையாது, நடிப்பு கிடையாது. நின்றால் போதும்.

எனக்கு உதவி என் சித்தி. அம்மாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் சித்தப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதிலிருந்து எங்களோடுதான் இருந்தாள். அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. நல்ல உயரம், கணீரென்ற குரல், வாய்த்துடுக்கு. பள்ளி நாடகங்களில் ராஜா வேஷம் எப்போதும் அவளுக்குத்தான் வருமாம். ராணியாக ஒரு தடவைகூட நிற்க விடவில்லை என்று வீட்டுக்கு வந்து அழுவாளாம். அம்மா சிரித்துக்கொண்டே இதைச் சொல்வாள். சொல்லிவிட்டுச் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொள்வாள்.

சித்தி நெற்றியில் ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. அவள் அலுவலகத்திலேயே, கணவனை இழந்த பெண்கள் இரண்டொருவர் கறுப்புச் சாந்தாவது வைத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளாதே என்று யாரும் கட்டளை போடவில்லை. பத்தாம் நாள் பொட்டை அழிப்பதற்கு நாலு பேர் வந்தார்கள். மறுபடி வைத்துக்கொள் என்று சொல்ல ஒருத்தரும் வரவில்லை, அவ்வளவுதான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

உடைகளுக்காக நானும் சித்தியும் அலையாத இடமில்லை. பாண்டி பஜாரில் ஜிகினாவும் மணிச்சரமும் வாங்கினோம். வீடு வீடாகப் போய், கிழிந்துபோன கூறைப்புடவைகளைக் கேட்டு வாங்கிச் சரிகையை மட்டும் வெட்டி எடுத்தோம். ஜவுளிக்கடை அட்டைப்பெட்டிகள் கிரீடங்களாயின. நகைகளுக்கு மயிலாப்பூர் குளத்துப் பக்கம் போனோம். நாட்டியத்துக்கும் நாடகத்துக்கும் வாடகைக்கு நகை தரும் சின்னக் கடை ஒன்று அங்கே இருந்தது. நான் ஒரு தலைசாமானை எடுத்ததும் கடைக்காரர் கையை ஆட்டினார்.

"அத்த வையும்மா. அது அம்மன் செட்டு. ராணி செட்டு அந்தாண்ட கீது."

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு?" என்றேன்.

"இன்னாம்மா நீ! அம்மன் குந்திக்கினு இருக்கும், எம்மாம் வெயிட்டு வேணா தாங்கும். ராணி நடக்கணும்ல?" என்றவர், விளக்கிக் காட்ட ஒரு தலை தேடி, ஒரு நெற்றிச்சுட்டியை எடுத்துச் சித்தியின் வகிட்டில் வைத்தார். "பாரு, எடுப்பா கீது. நீயே ராணியா நில்லேன்."

சித்தி கண்ணாடியைப் பார்த்தாள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். பிறகு சுட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்து, "கொக்கி தளர்ந்திருக்கு, வேற பாரு" என்றாள். கொக்கி நன்றாகத்தான் இருந்தது.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்தது வினை. வாசிக்க வேண்டியதை எழுதித் தர, அடுத்த தெருவிலிருந்த ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியரைப் பிடித்திருந்தார்கள். அவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, மாமிகள் சூழ்ந்திருக்க, படித்துக் காட்டினார். முதல் ராணி, கணவர் மறைந்த பின் கோயில் கோயிலாகக் கட்டியவள். அடுத்தவள், கணவர் மறைந்த பின் பேரனுக்காக ஆட்சி செய்தவள். அதற்கடுத்தவளும் கணவர் மறைந்த பின். கடைசி ராணி, கணவனைக் கொன்றவர்களை எதிர்த்து வாளெடுத்தவள். மாமிகளின் முகம் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வந்தது. கதை ராணிகளுக்கு மட்டும் புருஷன்மார் சௌக்கியமாக இருந்தார்கள். எழுதியவர்கள் நல்ல மனசுக்காரர்கள்.

தலைவி மாமி தாங்க முடியாமல் கேட்டேவிட்டாள். "ஏன் சார், ஒரு ராணிக்குக் கூடவா ஆம்படையான் உசிரோட இல்லை?"

தையல் மிஷின் பக்கத்திலிருந்து சித்தி தலையைத் தூக்காமல் சொன்னாள். "ஆம்படையான் இருந்தா சிம்மாசனத்தை யார் மாமி குடுப்பா?"

ஆசிரியர் மட்டும் சிரித்தார். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பொட்டும் பூவும் இல்லாமல் மேடையில் நிற்க எந்தச் சுமங்கலி சம்மதிப்பாள்? வேஷத்துக்கென்றாலும் அபசகுனம் அபசகுனம்தானே. காபி இரண்டு சுற்று வந்த பிறகு தலைவி மாமியே வழி கண்டுபிடித்தாள். எல்லா ராணிகளையும் புருஷன் இருந்த காலத்திலேயே நிறுத்திவிடலாம். பொட்டு, பூ, தாலி எல்லாம் இருக்கும். 'பின்னாளில் புகழ் பெற்றார்' என்று வாசித்தால் போயிற்று. ஆசிரியர் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார். செத்துப்போன ராஜாக்கள் ஒவ்வொருவராக அன்று எங்கள் கூடத்தில் பிழைத்து எழுந்தார்கள்.

வாளெடுத்த ராணியிடம்தான் அது பலிக்கவில்லை. புருஷன் உயிரோடு இருக்கும்போது எதற்கு வாளெடுத்தாள் என்று கூட்டத்தில் எந்தப் பொடிசாவது கேட்டால் என்ன சொல்வது? ஆனால் அவளை விடவும் மனசில்லை. கடைசியில் வந்து நிற்க வேண்டியவள் அவள்தான். அபிராமபுரத்து மாமி ஒருத்தி துணிந்து ஒப்புக்கொண்டாள். "நெத்தியில இவ்ளோ பெரிய குங்குமம் இட்டுண்டு, தலை நிறையப் பூ வெச்சுண்டுதான் நிப்பேன்" என்று நிபந்தனை போட்டாள். அவளுக்காக அரக்குப் பட்டில் அகலச் சரிகை வைத்துத் தைத்தேன். நான் தைத்தவற்றில் அதுதான் உருப்படியானது. சித்தி ஒரு நாள் அதை மடித்து வைக்கும்போது சரிகையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி, நீ நின்னா எப்படி இருக்கும்!" என்று வாய்வரை வந்தது. அம்மா பக்கத்தில் இருந்தாள். முழுங்கிவிட்டேன்.

விழா அன்று சாயங்காலம் பள்ளிக்கூட மண்டபம் நிறைந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறையில் ராணிகள் பவுடர் அப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது அபிராமபுரத்திலிருந்து ஆள் வந்தது. மாமியின் வீட்டுக்காரருக்கு மத்தியானத்திலிருந்து மார்வலி. மாமி வரமாட்டாள். வாயுதான் என்று மறுநாள் தெரிந்தது, முந்தின நாள் போண்டா கொஞ்சம் கூடிவிட்டதாம். ஆனால் அந்த நேரத்தில் அறை முழுக்க ஒரே நினைப்புத்தான் ஓடியது. மற்ற ராணிகள் எல்லோரும் தங்கள் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

"அந்த வேஷம் வேண்டாம், விட்டுடு" என்றாள் தலைவி மாமி. பட்டுப்புடவையைத் தொடக்கூட யாரும் தயாராக இல்லை. வெளியே ஒலிபெருக்கியில் ஆசிரியர் முதல் ராணியைப் பற்றி வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"நான் நிக்கறேன்" என்றாள் சித்தி.

வாயில் ஊக்குகளைக் கவ்விக்கொண்டு ஒருத்திக்குக் கொசுவம் பிடித்துக்கொண்டிருந்தவள், ஊக்குகளை எடுத்துவிட்டு மறுபடியும் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் ஆயிடாது மாமி. ஆகறதெல்லாம் ஆயாச்சு."

தலைவி மாமி பொல்லாதவள் இல்லை. ஊர் பேச்சுக்குப் பயந்தவள், அவ்வளவுதான். சித்தியின் தோளைத் தொட்டாள். "நில்லும்மா. ஆனா பொட்டு வெச்சுக்கோ. வேஷம்தானே, தோஷமில்லை. மேடை மங்களகரமா இருக்கட்டும்" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்தியைப் பொட்டோடு பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! புடவையைச் சுற்றி, ஒட்டியாணத்தை இறுக்கி, கிரீடத்தை வைத்தேன். அபிராமபுரத்து மாமி குள்ளம், சரிகையை அவள் உயரத்துக்குத்தான் மடித்துத் தைத்திருந்தேன். சித்திக்குக் கணுக்கால் தெரிந்தது. குதிரை ஏறப் போகிறவள், பரவாயில்லை என்று விட்டேன். சாந்துச் சீசாவைத் திறந்து குச்சியை எடுத்துக்கொண்டு நெற்றிக்குக் கிட்டே போனேன். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்டி."

"மாமியே சொல்லிட்டாளே சித்தி!"

"இறங்கினதும் அழிக்கணுமோல்லியோ?" என்றாள். குரல் தணிந்திருந்தது. "ஒரு தரம் அழிச்சாச்சு. போறும்."

நான் குச்சியைச் சீசாவுக்குள் போட்டுவிட்டேன்.

அப்படியேதான் போனாள். அரக்குப் பட்டும் கிரீடமும் அட்டை வாளும், நடுவில் வெறும் நெற்றியும். ஆசிரியர் தான் முதலில் எழுதியதையே வாசித்தார். கணவனை இழந்தவள், அழுதுகொண்டு மூலையில் உட்காராதவள் என்று. கூட்டத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. சித்தி அசையவில்லை. அதுவரை வந்த ராணிகள் மூக்கைச் சொறிந்தார்கள், கூட்டத்தில் தங்கள் பிள்ளைகளைத் தேடிச் சிரித்தார்கள். இவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு ராணியாகவே நின்றாள். கைதட்டல் தாமதமாகத்தான் வந்தது. வந்த பிறகு ஓயவில்லை. நான் அம்மாவைத் தேடினேன். கடைசி வரிசையில் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருஷம் விழாவுக்கு முன்னால் தலைவி மாமி ஒரு நாள் காலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். சித்தி அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "ராணிகளை மறுபடி போடணும்னு எல்லாரும் கேக்கறா. அந்த வாளெடுத்த ராணிக்கு உன்னை விட்டா யார் இருக்கா?" என்றாள் மாமி.

சித்தி பின்னலை முடிந்துகொண்டே சொன்னாள். "இந்த வருஷம் புருஷன் இருக்கற ராணியா ஒருத்தியைக் குடுங்கோ மாமி."

மாமி சிரித்தாள். சித்தி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "அதெப்படிம்மா..."

"போன வருஷம் நீங்கள்ளாம் புருஷன் போன ராணிக்குப் பொட்டு வெச்சுண்டு நின்னேளே, அப்படித்தான். ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிடறேன். வெச்சுண்டேன்னா, இறங்கினப்புறம் அழிக்க மாட்டேன். அப்படியேதான் ஆத்துக்கு வருவேன்."

மாமி தம்ளரைக் கீழே வைத்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனாள். காபி பாதி மிச்சம் இருந்தது.

அம்மா இத்தனை நேரமும் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் அப்படித்தான் நின்றாள். உள்ளே போய்த் தன்னுடைய சாந்துச் சீசாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அதுக்கு மேடை எதுக்குடி? வா, இப்படி வெளிச்சத்துல உக்காரு."

சித்தி அக்காவைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா குச்சியை நெற்றியில் வைத்தாள். பொட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"கோணிப் போயிடுத்து. இரு, தொடச்சுட்டு வேற வெக்கறேன்."

"தொடைக்காதேக்கா" என்றாள் சித்தி. கண்ணைத் திறக்கவில்லை. "அப்படியே இருக்கட்டும்."

அந்தக் கோணல் பொட்டோடு பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போனாள்.