கந்த சட்டி நோட்டீசும் என் வீட்டு ஸ்ரீயும்

ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்காத சாமான் எங்கள் வீட்டில் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய வருஷங்களில் மெஷினுக்கும் ஸ்பேனருக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைத்துப் பழகிய கை. கம்பெனியை மூடிய பிறகு, ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு டி.டி.பி. கடை வைத்தேன். பத்தாவது தாண்டாதவன் நான். ஆனால் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ். அந்தச் சான்றிதழை நம்பி, பாரத்தை முருகன் மேல் போட்டு இறங்கிவிட்டேன்.

அப்போது, அதாவது தொண்ணூறுகளின் கடைசியில், கம்ப்யூட்டரில் தமிழ் சும்மா வராது. எழுத்துகளை ஒரு கம்பெனியிடம் விலை கொடுத்து வாங்க வேண்டும். எழுத்துகளோடு தீப்பெட்டி அளவில் 'லாக்' என்று ஒன்றும் தருவார்கள். அதைக் கம்ப்யூட்டரின் முதுகில் சொருகி வைத்தால்தான் திரையில் தமிழ் தெரியும். பிடுங்கினால், பல்பு வெளிச்சத்தில் ஈசல் விழுந்து கிடப்பது போல ஏதேதோ தெரியும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்தேன். லாக்கையும் கழற்றித் துடைத்தேன். அதற்கு மட்டும் பொட்டு வைக்காமல் விட்டால் ஓரவஞ்சனை இல்லையா? முள் முள்ளாக இருந்த பக்கம்தான் அதற்கு முகம் என்று நினைத்து, அங்கே நன்றாகக் குழைத்த சந்தனத்தை வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். மறுநாள் சொருகினேன். திரை முழுக்க ஈசல்.

பஸ் பிடித்து நகரத்துக்குள் இருந்த அந்தக் கம்பெனிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் லாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன சார் செய்தீர்கள் என்று கேட்டாள். பூஜை செய்தேன் என்றேன். உள்ளே போனவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். லாக் போனால் எழுத்தும் போனது போலத்தானாம், மறுபடி முழு விலைக்கு வாங்க வேண்டுமாம். ரசீதை நீட்டினேன். ரசீது லாக்குக்குத்தான் என்று பணிவாகச் சொன்னாள். காசு கொடுத்து வாங்கிய அ, ஆ என்னுடையது இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வேறு சமயமாக இருந்தால் பொறுத்திருப்பேன். ஆனால் கந்த சஷ்டி வந்துகொண்டிருந்தது. எங்கள் நகர் முருகன் கோயில் சஷ்டி நோட்டீஸ் எப்போதும் பூந்தமல்லி அச்சகக்காரரிடம்தான் போகும். மூன்று வருஷம் கோயில் கமிட்டித் தலைவர் பின்னாலேயே நடந்து, அந்த வருஷம்தான் எனக்கு வாங்கியிருந்தேன். கூலி வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். அலகு குத்த எனக்குத் தைரியம் இல்லை. காவடி எடுக்க முதுகு இடம் தராது. என்னால் முருகனுக்குச் செய்ய முடிந்தது அந்த ஒரு தாள்தான். இந்த முறை சொதப்பினால் மறுபடி என் கைக்கு வராது.

என் மனைவியின் தம்பி முத்தாபுதுப்பேட்டையில் இருந்தான். ஆவடியில் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் பார்ப்பவன். விஷயம் கேட்டதும் மாலையே பிளாப்பியோடு வந்துவிட்டான். அதே கம்பெனி எழுத்து, யாரோ பூட்டை உடைத்தது, லாக் இல்லாமலே ஓடும் என்றான். பிளாப்பியை அவன் பக்கமே தள்ளி வைத்தேன். சாமி நோட்டீஸைத் திருட்டு எழுத்தில் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி சொன்னாள்: "அவரு மட்டும் வள்ளிய அவங்க ஊட்ல கேட்டுகினா கூட்டினு போனாரு?"

கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அது சாமி விளையாட்டு, நமக்கு எதற்கு என்றேன். மச்சான் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பிளாப்பியோடு வந்தான்.

"மாமா, இது திருட்டு இல்ல. இன்டர்நெட்ல ஓசியா குடுக்குறாங்க. யார் வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், அடுத்தவனுக்கும் குடுக்கலாம். மாத்துனா, மாத்துனதையும் ஓசியாத்தான் குடுக்கணும். அவ்ளோதான்."

வெளிநாட்டில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெரியவர் செய்ததாம். எதற்காகச் சும்மா கொடுக்கிறார் என்று கேட்டேன். பங்குனியில் நீர்மோர் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டான். அது புண்ணியத்துக்கு. இவருக்கும் அந்த மாதிரி ஏதாவது கணக்கு இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எழுத்து லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் நோட்டீஸின் முதல் எழுத்தே ஸ்ரீ. அதைத் தட்டினால் வெறும் கட்டம் வந்தது. ஷ தட்டினேன், கட்டம். ஜ, கட்டம். மச்சான் பிளாப்பியில் இருந்த குறிப்பைத் திறந்து வாசித்தான். பெரியவர் தனித்தமிழ்ப் பற்றுள்ளவர். வடவெழுத்துகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறார். ஸ்ரீக்குத் 'திரு', ஜ வரும் இடத்தில் 'ச' என்று மாற்றிக்கொள்ள வழியும் சொல்லியிருந்தார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, ஒவ்வொரு கட்டத்தையும் நம்பிக்கையோடு மாற்றி, ஒரு பிரதி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

தலைவர் அந்தப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனைகளான பிறகு அரிசி மண்டி வைத்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கமிட்டி முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

"'கந்த சட்டிப் பெருவிழா.' இன்னா நைனா இது? கந்தன் சட்டி எடுத்துகினு எங்க கெளம்பிட்டாரு?"

கமிட்டியில் ஒருவர் தேங்காய் மூடியால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் விடவில்லை.

"'ஆறு நாளும் மாலையில் பக்தர்களுக்குச் சிறப்புப் பூசை.' பக்தன் இன்னாய்யா தப்பு பண்ணான்? பூசை குடுக்க டேசன்லருந்து ஆள் வருதா?"

எங்கள் பக்கம் பூசை கொடுப்பது என்றால் அடித்து நொறுக்குவது. எனக்கு அது டைப் அடிக்கும்போது தோன்றவே இல்லை. எழுத்து ஓசியில் கிடைத்ததையும், சட்டியும் பூசையும் நல்ல பழைய தமிழ்தான் என்று மச்சான் சொன்னதையும் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். ஓசி எழுத்தென்றால் நாலு எழுத்து குறையத்தான் செய்யும் என்றும், இரண்டு நாளில் ஸ்ரீ வரவில்லை என்றால் பூந்தமல்லிக்குப் போகும் என்றும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே சொன்னதைச் செய்துவிடுவார் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்து முருகன் படத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். திருட்டு எழுத்தில் ஸ்ரீ இருக்கிறது. நல்ல எழுத்தில் ஸ்ரீ இல்லை. எனக்கு மட்டும் ஏன் இந்தச் சோதனை என்று வாய்விட்டே கேட்டேன்.

மச்சான்தான் அதிலிருந்து எழுப்பினான். மாற்றிக்கொள்ளலாம் என்று பெரியவரே சொல்லியிருக்கும்போது, இல்லாத எழுத்தை நாமே போட்டால் என்ன என்றான். எழுத்து வரையும் புரோகிராமும் அதே பிளாப்பியில் இருந்தது. கம்பெனி எழுத்தைப் பார்த்து வரையலாமா என்று கேட்டான். கூடாது என்றேன். அதுவும் திருட்டுதான். அப்படியானால் யார் எழுத்தைப் பார்ப்பது?

என் மனைவி ஸ்ரீராமஜெயம் எழுதிய நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் கையெழுத்து முத்துக் கோத்த மாதிரி இருக்கும். கேட்டதும் அவள் எழுதிவிடவில்லை. தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, பட்டர் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் ஸ்ரீ, ஷ, ஜ, ஸ என்று பெரிதாக எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாளைக் கம்ப்யூட்டர் திரையில் ஒட்ட வைத்து, அடியில் தெரிந்த அம்புக்குறியை மவுஸால் நகர்த்தி மச்சான் புள்ளி புள்ளியாக வரைந்தான். அவள் பின்னால் நின்று வேலை வாங்கினாள்.

"வயிறு பத்தல. இன்னும் கொஞ்சம் போடு."

"அக்கா, இது எழுத்துக்கா. இட்லி இல்ல."

"நீ போடுடா. ஷன்னா வயிறு இருக்கணும்."

மத்தியானச் சாப்பாட்டுக்குள் நான்கு எழுத்தும் முடிந்தன. ஸ்ரீ மட்டும் மற்ற எழுத்துகளைவிட அரை விரல் உயரமாக நின்றது. எவ்வளவு குறைத்தும் அடங்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். தலைவர் தாளைத் தூரத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"சாமி பேருக்கு முன்னால நிக்கிறது, கொஞ்சம் ஒசந்துதான் நிக்கட்டும்," என்றார். நோட்டீஸ் அச்சுக்குப் போனது. கொடியேற்றத்தன்று அதைக் கையில் வாங்கிய ஒவ்வொருவரையும் நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மாற்றினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா? மச்சான் பெரியவருக்கு, யார் கையெழுத்து என்றும் எழுதி, என் பெயரில் அந்த நான்கு எழுத்துகளையும் அனுப்பினான். உங்கள் மனைவியார் கை மிக அழகு, நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன், நீங்கள் தனியே வழங்குங்கள், தடுக்க எனக்கு உரிமை இல்லை என்று பதில் வந்தது. அப்படியும் ஒரு மனுஷர்.

வாங்கச் சீக்கிரமே ஆள் வந்தது. பூந்தமல்லி அச்சகக்காரர். ஈய எழுத்துகளை விட்டுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தாராம். வந்து உட்கார்ந்து, உங்கள் ஸ்ரீ கிடைக்குமா என்று கேட்டார். நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். நீர்மோர் பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது. என் பெண்டாட்டி கையெழுத்தை எடுத்துப் போய் என் கோயில் வேலையையே இந்த ஆள் திரும்பப் பிடித்துக்கொண்டால்? இதற்கு ஒரு லாக் போட முடியுமா என்று மச்சானிடம் மெதுவாகக் கேட்டேன்.

"மாமா," என்றான், "நீயே கம்பெனி ஆயிட்ட."

என் மனைவி ஒன்றும் சிரிக்கவில்லை. "குங்குமம் கேட்டுகினு வர்றவங்கள நாளைக்கு வான்னு அனுப்புவாங்களா?" என்றாள். மறுநாள் அவளே வெற்றிலை பாக்கோடு பிளாப்பியைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். ஸ்ரீயைச் சாமி பேருக்கு முன்னால் மட்டும்தான் போட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சொன்னாள். ஓசி எழுத்துக்கு அப்படியெல்லாம் நிபந்தனை போடக்கூடாது என்று மச்சான் இழுத்தான். அவள் பார்த்த பார்வையில் வெளியே போய்ச் செருப்பைத் தேடினான். அச்சகக்காரர் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சத்தியம் செய்தார்.

இரண்டு மாதம் கழித்து, குத்தம்பாக்கத்தில் ஒரு காதுகுத்துக்குப் போக நானும் என் மனைவியும் பூந்தமல்லியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். எதிர்ச் சுவரில் பெரிய போஸ்டர். அரை விரல் உயரமாக இருந்த ஸ்ரீ இப்போது அரை ஆள் உயரத்தில் இருந்தது. 'ஸ்ரீ முருகன் ஒயின்ஸ், திறப்பு விழா.'

அவளிடம் கையை நீட்டிக் காட்டினேன். அவள் நிதானமாக, அச்சகக்காரர் பெயர் இருந்த கடைசி வரி வரை படித்தாள்.

"சாமி பேருக்கு முன்னாடிதான போட்டுக்கீறாரு," என்றாள். "சொன்ன சொல்ல காப்பாத்திட்டாரு."

முருகன் பெயரைப் பார்த்துவிட்டுச் சும்மா நிற்க என்னால் முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னார்:

"வெள்ளிக்கெழமதான் தொறக்குறாங்க சார்."