சாயச் சொன்னது நான்

அழித்துவிட்டேன் என்று ஒரு தகப்பனிடம் சொன்னேன். அழிக்கவில்லை. அவர் மகளின் படங்கள் என்னிடமே இருந்தன. அவற்றில் ஒன்றை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன். காட்டியதோடு அதைப் பற்றி ஒரு பொய்யும் சொன்னேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப் போட்டால், எனக்குச் சாதகமாக எதையாவது முன்னால் சேர்த்துவிடுவேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, ஸ்ரீரங்கத்தில் வீட்டு முன்னறையை ஸ்டுடியோ ஆக்கினேன். பாஸ்போர்ட் படம் எடுத்துப் பொழுதைக் கழிக்கலாம் என்று நினைத்தேன். வந்தவர்கள் கேட்டது அவுட்டோர். நிச்சயதார்த்தம் முடிந்ததும் ஜோடியை வெளியில் அழைத்துப் போய் எடுக்கிற படங்கள். கல்யாண மண்டப வாசலில் பேனராக நிற்பதும், வரவேற்பில் பெரிய திரையில் ஓடுவதும் இவைதான். முக்கொம்புக்குப் போனோம், கொள்ளிடத்து மணலுக்குப் போனோம். எங்கே போனாலும் வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும்.

இந்தத் தொழிலில் கேண்டிட் என்று ஒரு சொல் உண்டு. எடுப்பது தெரியாமல், தானாக அமைந்த படம். நான் எடுத்ததில் அப்படி ஒன்றுகூட இல்லை. கை எங்கே வைப்பது, முகத்தை எவ்வளவு திருப்புவது, எப்போது சிரிப்பது, எல்லாம் நான் சொல்லி நடந்தவை. ஆனால் கேட்கிறவர்களிடம், "அவங்க பாட்டுக்கு இருந்தாங்க, நான் எடுத்தேன்" என்பேன். இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான். சொல்லும்போது பொய் என்று தோன்றியதே இல்லை.

அந்தப் பெண் மருங்காபுரிப் பக்கம். அப்பா நிலக்கடலை பயிரிடுகிறவர். அவள் திருச்சியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள். நிச்சயமான பையனின் வீடு கைலாசபுரத்தில், வேலை சென்னையில். பெண்ணைத் தனியாக அனுப்ப அவள் வீட்டில் சம்மதிக்கவில்லை. தாய்மாமனைத் துணைக்கு அனுப்பியிருந்தார்கள். எடுத்தது கொள்ளிடத்து மணலில். வெயிலை முகத்தில் திருப்பி அடிக்க வெள்ளி நிறத்தில் வட்டமாக ஒரு தட்டி வைத்திருப்போம். சும்மா நிற்கிறாரே என்று அதை மாமன் கையில் கொடுத்தேன்.

"சீர்த்தட்டு தூக்கத்தான் என்னைப் பெத்துருக்காங்கன்னு இருந்தேன். இப்ப வெயில் தட்டும் சேந்துருச்சா சார்?"

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க மாமா" என்றான் பையன்.

"இப்பவே வேலை வாங்குறீங்களே மாப்ளே. தாலியக் கட்டிட்டு வாங்குங்க, தலைமேல தூக்குறேன்."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் பையன் பக்கத்தில் வந்து நின்றதும் சிரிப்பு போய்விட்டது. தள்ளியே நின்றாள். கையைப் பிடிக்கச் சொன்னால் விரல் நுனியைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டாள்.

"கையப் பிடிக்காம எடுக்க முடியாதா சார்?"

"கட்டிக்கப் போறவர்தானேம்மா?"

"கட்டிக்கிட்டதும் பிடிச்சுக்கிறேன் சார்."

"அப்படிச் சொல்லு" என்றார் மாமன், தட்டிக்குப் பின்னாலிருந்து.

பையன் ஒன்றும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியது நான். நாணல் பூத்திருந்தது, பின்னால் கோபுரங்கள் மங்கலாகத் தெரிந்தன, வெளிச்சம் சரியாக விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல நின்றார்கள். காரில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது, எடுத்து வர முடியுமா என்று மாமனைக் கேட்டேன். எனக்குத் தாகம் இல்லை. கார் கரைக்கு மேலே ரோட்டில் நின்றது. மணலில் நடந்து போய்த் திரும்ப நேரமாகும்.

அவர் தூரம் போனதும் சொன்னேன். "மாமா போயாச்சு. வெயில் ஏறுது. ஒரே ஒரு தடவை அவர் தோள்ல தலையை வைம்மா. உன் அப்பா வயசுக்காரன் சொல்றேன்."

கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. மாமன் போன திசையை ஒரு தடவை பார்த்தாள். கூச்சத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு தலையை வைத்தாள், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள். அதற்குள் நான் எடுத்திருந்தேன். என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களில் அதுதான் நல்ல படம். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அந்தக் கல்யாணம் நின்றுபோனது. காரணம் எனக்குத் தெரியாது, கேட்கவுமில்லை. அவள் அப்பா பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்தார். ஒரு பையில் பச்சைக் கடலை கொண்டுவந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "அந்தப் படமெல்லாம் இருக்கக் கூடாதுங்க சார். நாளைக்கு இன்னொரு எடத்துல வாழப் போற புள்ள" என்றார். அழித்துவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நாள் கழித்து போன் செய்து கேட்டார். "அழிச்சாச்சுங்க" என்றேன். "வாத்தியார் நீங்க சொன்னா சரிதாங்க" என்று வைத்துவிட்டார். அவர் கொடுத்த கடலையை வேகவைத்துத் தின்று தீர்த்திருந்தேன்.

அழிக்க உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. உட்காரவே இல்லை. புதிதாக வருகிறவர்களிடம் காட்டச் சாம்பிள் ஆல்பம் ஒன்று போட்டபோது, முதல் பக்கத்தில் அந்தப் படத்தை வைத்தேன். மருங்காபுரியிலிருந்து யார் என் கடைக்கு வரப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

வந்தவர் காட்டூர்க்காரர். வங்கியில் வேலை. நிச்சயம் முடிந்திருக்கிறது, அவுட்டோர் எடுக்க வேண்டும் என்று முதலில் போனில் பேசினார். கார் எங்கே அனுப்புவது என்று கேட்டதற்கு வீட்டு அடையாளமும் சொல்லியிருந்தார். ஒரு நாள் ஆபீஸ் முடிந்து நேரில் வந்தார். ஆல்பத்தைக் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். அந்த அமைதியை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"அது கேண்டிட். நான் ஒண்ணுமே சொல்லலை. அந்தப் பொண்ணு அதுவா சாஞ்சு நின்னுச்சு."

"அதுவாவா?"

"சிரிப்பைப் பாருங்க. சொல்லிக்குடுத்தா வருமா இது? மனசுல பிரியம் இருந்தாத்தான் வரும்."

ஆல்பத்தை மூடி மேஜைமேல் வைத்தார். "எனக்கு நிச்சயம் பண்ணியிருக்கிற பொண்ணு சார் இது" என்றார். முன்பு ஓர் இடம் கூடிவந்து நின்றுபோனது என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்களாம். படம் எடுத்ததைச் சொல்லவில்லை.

அவர் எழுந்து, செருப்பைப் போட்டு, பைக்கைக் கிளப்பிப் போகிறவரை நான் நாற்காலியில்தான் இருந்தேன். உண்மையைச் சொல்ல அந்த நேரம் போதும். சொன்னால் நான் பொய்யன் என்று ஆகிவிடும். அவ்வளவுதான் காரணம்.

அன்றே அந்தப் பக்கத்தை ஆல்பத்திலிருந்து எடுத்துக் கிழித்துப் போட்டேன். அவருக்கு இரண்டு மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. கல்யாணம் போய்விட்டது என்று நானே முடிவுகட்டினேன். வழக்கம்போல் சாப்பிட்டேன், தூங்கினேன். வேதனை என்று எதுவும் இல்லை. ஆனால் எந்த ஜோடியையும் கிட்ட நிற்கச் சொல்ல வாய் வரவில்லை. வந்த வேலைகளை வேறு ஆளிடம் அனுப்பினேன். பிறகு, காட்டூருக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

அந்தப் பெண்ணின் எண் என்னிடம் இருந்தது. அவளிடம் முதலில் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் அப்பாவுக்குத் தெரியும், அழிச்சாச்சுங்க என்று சொன்னது வெளியே வரும். அதனால் அவளை விட்டுவிட்டு, அவளுக்காகப் பேசப் போனேன்.

வீட்டில் வங்கிக்காரரின் அம்மா மட்டும் இருந்தார். கல்யாணப் படம் எடுக்கிறவன் என்றதும் உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். லேப்டாப்பைத் திறந்தேன். அன்று கொள்ளிடத்தில் எடுத்தவற்றை வரிசையாகக் காட்டினேன். அவள் தள்ளி நிற்பது, கையை இழுத்துக்கொள்வது, தட்டியோடு மாமன், மாமன் இல்லாத மணல், அவள் திரும்பிப் பார்ப்பது, சாய்வது, உடனே விலகுவது. வகுப்பில் நிரூபணம் எழுதுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். "சாயச் சொன்னது நான்தாம்மா. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை."

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இந்தப் பையன் யாருங்க?"

அவருக்கு எதுவும் தெரியாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"எம் பையனுக்குத் தெரியுமா இது?"

தெரியும் என்றேன். வேறு என்ன சொல்வது என்று தோன்றவில்லை. பொய் சொல்லியிருக்க வேண்டிய ஒரே இடம் அதுதான். கொஞ்ச நேரத்தில் மகன் வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று திரையைப் பார்த்தார்.

"உங்களை யாரு சார் வரச் சொன்னது?"

"அவரை ஏன்டா கேக்குற? நான் உன்னைக் கேக்குறேன். தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் எங்கிட்ட மறைச்சியா? மண்டபத்துக்கு வர்ற சனம் சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?"

"அம்மா, நான் சொல்றதை…"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்."

டம்ளரில் காபி மிச்சமிருந்தது. குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். குரல் உயரவில்லை. அன்று ஸ்டுடியோவிலிருந்து போனதுமே அவர் அவளிடம் கேட்டுவிட்டாராம். மாமா தண்ணீர் எடுக்கப் போனது வரை எல்லாவற்றையும் அவள் சொல்லியிருக்கிறாள்.

"நம்பிட்டாரு சார். அம்மா ஒரு மாதிரி, கல்யாணம் முடியட்டும், அப்புறம் நானே சொல்லிக்கிறேன்னாரு. எல்லாம் சரியாத்தான் போய்ட்டிருந்துச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல சார்?"

கேட்டிருக்கலாம் என்றேன். "இப்ப வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க சார்" என்றாள். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "அவங்க அம்மாவை மீற மாட்டாரு" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பையும், படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்கு பஸ் ஏறினேன். அவள் அப்பா வாசலில் உரச்சாக்கை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க சார்" என்றார். உள்ளே நாற்காலி போட்டார். எதிரில் நின்றுகொண்டே, "அழிச்சாச்சுன்னு சொன்னீங்களே சார்" என்றார். கோபமாக இல்லை. சரிபார்க்கிற மாதிரி.

"பொய் சொன்னேங்க."

தலையை ஆட்டிவிட்டுச் சாக்குகள் பக்கமே திரும்பிப் போனார். மாமனும் இருந்தார். ஓரமாக உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொண்டுவரப் போனதற்காக வீட்டில் அவரைப் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். "உங்களை அனுப்பினதும் நான்தான்" என்று அவரிடம் சொன்னேன். "தெரியுங்க" என்றார்.

அழிப்பதை அவள் பார்க்க வேண்டும் என்றாள். லேப்டாப்பைத் திண்ணையில் வைத்தேன். அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு முறை பார்க்கிறேன் என்று தானே நகர்த்தினாள். அந்தப் படங்களை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. கல்யாணம் நின்றுபோனதால் நான் யாருக்கும் அவற்றைக் கொடுத்திருக்கவில்லை.

"எல்லாத்துலயும் நான் வேணாம்னுதானே நிக்கிறேன் சார்?"

"ஆமாம்மா."

"இதையெல்லாம் அவங்க அம்மா பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"பாத்துமா?"

"பாத்தும்தான்."

அதற்கு மேல் கேட்கவில்லை. சாய்ந்து நிற்கிற படத்தில் மற்றவற்றைவிட அதிக நேரம் நிற்கவுமில்லை. "அழிச்சிருங்க" என்றாள். அழித்தேன். ஹார்டு டிஸ்க்கிலும் அழித்தேன். வேறெங்கும் இல்லையே என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

கிளம்பும்போது அவள் அப்பா, "வெயில்ல வந்திருக்கீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று உட்கார்ந்தேன். முருங்கைக்காய் சாம்பார். நன்றாக இருந்தது. இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பரிமாறியவள் அவள்தான்.