உபயம் வெட்டிய சால்

என் மகன் செய்த இரும்புச் சால் பற்றிய வழக்கு சேலம் கோர்ட்டில் இரண்டு வருடம் நடந்தது. மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் சால்தான். ஆனால் அவன் அடிப்பாகத்தை ஒரு பக்கமாகச் சரித்து வளைத்திருந்ததால், மேலே வந்ததும் தானே கவிழ்ந்து கொட்டும். படம் வரைந்து கல்கத்தாவில் இருக்கும் சர்க்கார் ஆபீசுக்கு அனுப்பி, சித்திரையில் அந்த வடிவத்தைத் தன் பெயரில் பதிவு செய்தான். ஆடிக்குள் சேலத்துப் பட்டறைக்காரர் ஒருவர் அதேபோல் செய்து விற்கத் தொடங்கினார்.

வழக்குப் போட்டோம். மாசியிலேயே தாம் செய்துவிட்டதாகவும், என் மகன்தான் பார்த்துத் திருடியதாகவும் அவர் பதில் கொடுத்தார். ராசிபுரம் சந்தையில் அவனைக் கண்டால், "இன்னிக்கு யாரு பட்டறைய எட்டிப் பாக்கறதா உத்தேசமுங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

உண்மையில் அவனுடைய முதல் சால் தை மாதமே முடிந்துவிட்டது. முதலில் செய்தது குலதெய்வத்துக்கு என்று அதைக் கோயிலில் கட்டியது நான். உபயம் என்று அவன் பெயரையும் மாதத்தையும் வருடத்தையும் வெட்டச் சொன்னதும் நான். சான்றுப் பட்டியலை எழுதிக் கொடுத்தபோது அதை விட்டுவிட்டேன். சாமிக்குக் கொடுத்ததை எங்கள் பொருளென்று கோர்ட்டில் எப்படிக் காட்டுவது? சாட்சி விசாரணை தொடங்கியபின், மகன் திருடனாகிவிடுவானோ என்ற பயம் தாங்காமல் வக்கீலிடம் சொன்னேன்.

அவர் நிலத் தகராறுகளில் கெட்டிக்காரர். "இத்தன நாளா ஏம்மா சொல்லல?" என்று துள்ளி எழுந்து மனுப் போட்டார். எதிர் வக்கீல் அடுத்த இரண்டு வாய்தாவிலும் எதிர்த்தார். "காலம் கடந்த சான்று. போன வாரம் வெட்டிய எழுத்தாக இருக்கும். சாமியும் வாய்தா வாங்கிக்கொண்டுதான் சாட்சிக்கு வருமா?" என்றார். கோர்ட்டே சிரித்தது. சாலைக் கொண்டுவரும்படி ஜட்ஜ் சொன்னார்.

பூசாரி பூப்போட்டுச் சாமியிடம் உத்தரவு கேட்ட பிறகே அவிழ்த்துக் கொடுத்தார்.

எதிர் வக்கீல் குனிந்து எழுத்தைப் படித்தார். துருவை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு கூண்டில் நின்ற என்னிடம் வந்தார்.

"தையிலிருந்தே இது கோயில்ல தொங்குதாம்மா?"

"ஆமாங்க."

"யாராவது பாத்திருப்பாங்களா?"

பொய்யென்று சொல்லப்போகிறார் என்று எண்ணி வேகமாகச் சொன்னேன்: "ஊரே பாத்துச்சுங்க. பங்குனி நோம்பிக்கு வந்த சனமெல்லாம் கவுத்துக் கவுத்துப் பாத்துட்டுப் போச்சுங்க."

அவர் திரும்பி, தம் ஆட்சேபணையை வாபஸ் வாங்குவதாக ஜட்ஜிடம் சொன்னார். எங்கள் வக்கீல் மெதுவாக உட்கார்ந்தார். பதிவுக்கு முன்பே ஊர் பார்த்துவிட்ட வடிவம் புதியதாகாது, பதிவு செல்லாது என்று சட்டம் இருப்பதை அப்போதுதான் அறிந்தேன்.

தீர்ப்பில் என் மகன் திருடவில்லை என்று இருந்தது. அந்தச் சாலை இனி யாரும் செய்யலாம் என்றும் இருந்தது.

வெளியே வந்ததும் மகனிடம், "நானே கெடுத்துட்டேன் சாமி" என்றேன்.

"உடுங்கம்மா. திருடனில்லைன்னு எழுதிட்டாங்கல்ல" என்றான்.

இப்போது அவன் வேறேதோ செய்துகொண்டிருக்கிறான். மத்தியானம் சோறு கொண்டுபோனால், நான் வாசலில் கால் வைக்குமுன் கோணிச்சாக்கை இழுத்து அதை மூடிவிடுகிறான்.