போர்வைக்குள் இரண்டு ஸ்பீக்கர்கள்

போன மாதம் எங்கள் வீட்டுக்குப் புதிதாக இரண்டு பேர் குடிவந்தார்கள். இடுப்பு உயரம், தேக்கு நிறம், தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் கனம்.

ஸ்பீக்கர்கள்!

பதினேழு வருடமாக ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன்னில் பாட்டுக் கேட்டவன் நான். நாடா இழுத்துக்கொண்டால் பாடகருக்கு ஜலதோஷம் பிடிக்கும். அதையும் ரசித்துப் பழகிவிட்டேன். ஆனால் ஒரு நண்பர் வீட்டில் நல்ல ஸ்பீக்கரில் நாகஸ்வரம் கேட்ட நாளிலிருந்து நிம்மதி போய்விட்டது. பழைய ஆம்ப்ளிஃபயரும் ஒரு சி.டி. பிளேயரும் ஏற்கெனவே கிடைத்திருந்தன. சென்னைக்குப் போனேன், வாங்கிவிட்டேன்.

கடைக்காரர் வண்டியில் ஏற்றும்போதே எச்சரித்தார். "மொதல்ல சவுண்டு ஒரு மாதிரியாத்தான் இருக்கும் சார். புதுச் செருப்பு கடிக்குதில்ல... அந்த மாரி. நூறு மணி நேரம் ஓட வுடுங்க. அப்பால பாருங்க, பிச்சிக்கினு போவும்."

நூறு மணி நேரம்தானே? நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன். பகல் முழுக்க ஓட விட்டால் போச்சு.

ஸ்ரீபெரும்புதூரில் நாங்கள் இருப்பது ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதி. என் மனைவி சாந்திக்குச் சொந்த ஊர் மணிமங்கலம். வேலை ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில், சூப்பர்வைசர். மாடியில் ஆறு இளைஞர்கள். ஆறு பேரும் தெற்குச் சீமையிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். மூன்று ஷிஃப்ட்டிலும் ஆள் உண்டு என்பதால் ஆறு பேருக்கு நாலு பாய் போதும். ஒருவன் எழுந்தால் இன்னொருவன் படுப்பான்.

ஸ்பீக்கரைப் பிரித்ததும் சாந்தி சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள்.

"ஐயோ, முன்னாடி வேண்டாம்! அந்த வட்டத்துல கை பட்டாலே போச்சு" என்று அலறினேன்.

"வூட்டுக்குப் புதுப் பொருள் வந்தா பொட்டு வெக்காம ஓட்டுவாங்களா? எங்க கேன்டீன்ல மாவரைக்கிற மெஷினுக்கே வெச்சிருக்கோம்" என்றவள், பெட்டிகளின் பின்பக்கம் போனாள். வயர் மாட்டுகிற இடத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் தாராளமாகக் குங்குமமும் வைத்தாள். "கரண்ட்டு வர்ற எடம்தானே முக்கியம்?"

அதற்கப்புறம் நான் குனிந்து வயர் மாட்டினேன். ஒவ்வொரு ஸ்பீக்கருக்குப் பின்னாலும் இரண்டு குமிழ்கள். சிவப்பு வயர் சிவப்புக் குமிழுக்கு, கறுப்பு வயர் கறுப்புக்கு. மூலையில் வெளிச்சம் போதவில்லை. வெள்ளெழுத்துக் கண்ணாடி அலமாரி மேல் இருந்தது. இதற்குப் போய்க் கண்ணாடியா? எனக்கென்ன அவ்வளவு வயதா ஆகிவிட்டது?

நாகஸ்வர சி.டி.யைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒன்றும் சரியில்லை. தவிலின் வலது முகத்தில் வாசிப்பது கேட்கிறது, இடது முகத்தின் அடிச்சத்தம், அந்தத் 'தொம்', காணவே காணோம். நாகஸ்வரம் எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை. ஒரு சமயம் சுவருக்குப் பின்னாலிருந்து, ஒரு சமயம் என் மண்டைக்குள்ளிருந்து... வாசிக்கிறவர் சமையலறையில் நிற்கிறாரோ என்றுகூடத் தோன்றியது.

"டூ-இன்-ஒன்னே தேவலாம் போலிருக்கே" என்றாள் சாந்தி.

"புதுச் செருப்பு" என்றேன் நான், ரொம்ப விஷயம் தெரிந்தவனாக. "போகப் போகச் சரியாயிடும்."

இந்த வார்த்தையை நாம்தான் எத்தனை இடத்தில் சொல்கிறோம்! புது மருமகள், புது மேலதிகாரி, புதிதாகப் போட்ட ரோடு — எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. சொல்லிவிட்டால் அப்புறம் நாம் எதையும் செய்ய வேண்டியதில்லை, பாருங்கள்.

சரியாகவில்லை. நாலாம் நாளும் 'தொம்' வரவில்லை. வரவழைப்பதற்காக வால்யூமை ஏற்றினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம்.

அன்றைக்குத்தான் இசக்கிமுத்து மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், இருபத்து நாலு வயது இருக்கும். கண் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தது.

"சார், தப்பா நெனைக்காதிய. நைட்டு ஷிஃப்ட்டு முடிச்சு வாரேன், ஒறக்கமே வர மாட்டேங்கு. மாசக் கடைசியில எனக்கு கன்ஃபர்மேஷன் சார். ரெண்டு வருசம் ட்ரெய்னியா இருந்தாச்சு. முந்தாநாள் லைன்ல நின்னுக்கிட்டே கண்ணு சொக்கிட்டு... மெமோ குடுத்துட்டாவ. இன்னொண்ணு வாங்குனா ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் அறுபது மணி நேரம்தான் தம்பி, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

அவன் உள்ளே எட்டிப் பார்த்து, "இல்ல சார், அந்தச் சத்தமே ஒரு மாதிரி..." என்று ஆரம்பித்தான்.

"புதுசுப்பா. அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவைத்தேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். போனபிறகு வால்யூமை அரைப் புள்ளி குறைத்தேன். அதுவே பெரிய தியாகமாகத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து, மதியம் வேலை முடிந்து வந்த சாந்தி, துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். இறங்கி வரும்போது முகம் சரியில்லை. நேராகப் போய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள்.

"இசக்கிமுத்து எங்க தூங்கறான் தெரியுமா? மொட்டை மாடியில, தண்ணி டேங்க் நிழல்ல. நிழல் நகர நகர பாயையும் நகத்திக்கினு போறான். நேத்தும் லைன்ல சொக்கிட்டானாம். லீடர் பாவம் பாத்து எழுதாம வுட்டாராம். அடுத்த வாட்டி எழுதிடுவேன்னு சொல்லிட்டாராம். உங்க நூறு மணி நேரத்துக்கு ஒரு புள்ளையோட வேலை போவணுமா?"

வெட்கமாக இருந்தது. மனிதனின் கஷ்டத்தை எழுதிச் சாப்பிடுகிறவன் நான். தலைக்கு மேலே ஒருவன் தூங்க முடியாமல் பாயைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான்.

மாடிக்குப் போய் அவனைக் கையோடு அழைத்து வந்தேன். "மன்னிச்சுக்கப்பா. இனிமே இது ஓடாது. நீ போய்த் தூங்கு."

அவன் பதறிவிட்டான். "ஏஜிங்கப் பாதியில நிறுத்தப்படாது சார்!"

"ஏஜிங்கா? இப்படி ஓட விட்டுப் பழக்கறதா? உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க கம்பெனி அதத்தான சார் செய்யுது. காருக்குள்ள வைக்கிற ஸ்பீக்கரு. நான் டெஸ்ட்டிங்ல நிக்கேன். ஒவ்வொண்ணா ஓட விட்டு, காதுல கேட்டு, நல்லதையும் ரிஜெக்ட்டையும் பிரிக்கணும்."

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இதுதான் சங்கதி. கடையில் எதை வாங்கினாலும் அதைச் செய்கிறவன் உங்கள் மாடியில்தான் குடியிருப்பான். ஒன்றரை வருடமாக நான் அவனிடம் கேட்ட ஒரே கேள்வி, "மோட்டார் போட்டாச்சா?"

தூக்கம் போன கண்ணோடு அவன் விளக்கினான். "ரெண்டையும் மூஞ்சிக்கு மூஞ்சி பாக்க வைக்கணும் சார். ஒண்ணுல மட்டும் வயர மாத்திப் போடணும். இது காத்தத் தள்ளும்போது அது இழுத்துக்கிடும். ரெண்டும் வேலை செய்யும், ஆனா சத்தம் வெளிய வராது. மேல ஒரு போர்வையப் போட்டா முடிஞ்சிது."

சொல்லிவிட்டு, வயரை மாற்றுவதற்காக டார்ச்சோடு பின்பக்கம் குனிந்தான். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. அப்புறம் ஒரு குமிழை விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தான்.

"சார்... இதுல ஏற்கெனவே மாத்தித்தான் போட்டிருக்கு."

"யாரு?"

"அந்தப் பெட்டியில குங்குமம் சிவப்புக் குமிழ் மேலயே விழுந்திருக்கு. இதுல மட்டும் கறுப்புக் குமிழ் மேல அப்பியிருக்கு. நீங்க அதச் சிவப்புன்னு நெனச்சு மாட்டிட்டிய."

நான் சாந்தியைப் பார்த்தேன். சாந்தி அலமாரி மேல் இருந்த என் கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஒண்ணுக்கொண்ணு எதிரா இழுத்துக்கிட்டுக் கெடந்திருக்கு. அடிச்சத்தம் எப்படி சார் வரும்? ஆயிரம் மணி நேரம் ஓடுனாலும் வராது. அன்னைக்கு வாசல்ல கேட்டப்பவே டவுட்டு. சொல்ல வந்தேன்..."

சொல்ல வந்தான். நான்தான் விடவில்லை.

"சரி, இப்பவே மாத்திடுப்பா."

"மாத்தக் கூடாது சார்! ஏஜிங்குக்கு இப்படித்தான் வேணும். முடிஞ்ச பெறவு சரியாப் போட்டுக்கிடலாம்."

"பாத்தீங்களா?" என்றாள் சாந்தி. "பொட்டு வெச்சா வீண் போவாது."

இரண்டையும் நெருக்கமாக, முகத்துக்கு முகம் பார்க்க நிறுத்தினோம். ஆம்ப்ளிஃபயரில் 'மோனோ' என்று ஒரு பொத்தான் உண்டு; அது எதற்கு என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே சத்தம் போவதற்காம். அதை அழுத்தினான். கம்பளிப் போர்வையைப் போர்த்தினான். பாட்டு ஓடியது. எங்களுக்கோ மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது! போர்வைமேல் கை வைத்தால் மட்டும் லேசான அதிர்வு.

போகும்முன் ஒரு தாளில் கோடு போட்டுச் சுவரில் ஒட்டினான். தேதி, ஆன் செய்த நேரம், ஆஃப் செய்த நேரம், கையெழுத்து. மேலே கொட்டை எழுத்தில்: 'ஏஜிங் நடக்கிறது. தொடாதே.' ஒன்பது நாள் தவறாமல் கையெழுத்துப் போட்டேன். காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து அவன் இறங்கி மாடி ஏறியதும் ஆன் செய்வேன். கீழே ஸ்பீக்கர் வேலை செய்யும், மேலே இசக்கிமுத்து தூங்குவான். நடுவில் உட்கார்ந்து நான் அவன் கன்ஃபர்மேஷனுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பரீட்சை எனக்கே வந்த மாதிரி இருந்தது.

ஒன்று புரிந்தது. சில விஷயம் உண்மையிலேயே போகப் போகச் சரியாகும். சில விஷயம் மாட்டும்போதே தப்பாக மாட்டியது. எது எது என்று தெரிய வேண்டுமானால், தெரிந்தவனைப் பேச விட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து இன்னும் படுக்காமலே, இசக்கிமுத்து வந்தான். சட்டைப் பையில் நாலாக மடித்த கடிதம், கையில் ஒரு பொட்டலம் அல்வா. கன்ஃபர்ம்! சாந்தி கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தாள். நான் அவன் முதுகில் ஒன்று தட்டினேன்.

"இப்ப மாத்திப் போடுவோம் சார்."

இந்த முறை நான் கண்ணாடி போட்டுக்கொண்டேன். போர்வையை எடுத்தோம், குங்குமத்தைத் துடைத்தோம், சிவப்புக்குச் சிவப்பு மாட்டினோம். ஸ்பீக்கர்கள் எங்களைப் பார்க்கத் திரும்பின. மோனோவை எடுத்துவிட்டு அதே நாகஸ்வர சி.டி.யைப் போட்டான்.

தவில்காரர் 'தொம்' என்றார். எங்கள் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில், இதோ தொடலாம் என்கிற தூரத்தில் நாகஸ்வரக்காரர் நின்று வாசித்தார். வால்யூம் பாதிகூட இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைப்பானேன்!

"எப்படிப்பா இருக்கு? பாஸா, ரிஜெக்ட்டா?" என்று திரும்பினேன்.

சுவரில் சாய்ந்தபடியே, வாயைத் திறந்துகொண்டு, டெஸ்ட்டிங் நிபுணர் தூங்கிவிட்டிருந்தார்.

பதறிப்போய் நிறுத்தப் போனேன். சாந்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தாதீங்க... எழுந்துடப் போறான்."