டைகருக்குக் கடல் காட்டப் போகிறோம்

பெரம்பலூர் நண்பரின் காரில், தரங்கம்பாடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்துக்குப் போகிறோம். அங்கே மணலில் நாயை அவிழ்த்துவிடலாம், பூங்காவில் நாய்க்கென்று தண்ணீர்த் தொட்டி உண்டு, விடுதியில் தனி மெத்தையே தருவார்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறார். பின்சீட் முழுவதும் அவருடைய டைகர் படுத்திருக்கிறது.

விக்கிரமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்துகிறோம். பஸ்ஸைத் தவறவிட்ட ஓர் அம்மாள் தூக்குவாளியோடு நண்பரிடம் வருகிறார்.

"மகளுக்கு ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரில கொழந்த பொறந்திருக்குங்க. அதுவரைக்கும் ஏறிக்கட்டுங்களா?"

"எடமில்லம்மா. நாய்க்குக் கடல் காட்டப் போறோம். புது ஆளுன்னா மெரண்டுடுவான்."

"அங்க நாயெல்லாம் விடுவாங்களா?"

"ராஜா மாதிரி வரவேற்பாங்க."

"மனுசங்களயும் விடுவாங்களா சார்?"

நண்பர் டீ கிளாஸைப் பார்க்கிறார். நான் போய்ப் பின்கதவைத் திறக்கிறேன். டைகர் அந்த அம்மாளை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து, ஜன்னலோரம் நகர்ந்து உட்காருகிறது. அவர் ஏறி அதன் தலையைத் தடவுகிறார்.

"நாய்க்கு நல்ல மனசுங்க."

"எல்லாம் நான் வளத்த வளர்ப்பு," என்கிறார் நண்பர், வண்டியைக் கிளப்பியபடி.