‘ஒருவர்’ பத்திரிகையின் ஆசிரியர்

ஞானகுமாரியை ஆண் என்று நினைத்துக்கொண்டு நான் ஒன்றரை வருஷம் காதலித்தேன். அதே ஒன்றரை வருஷம் அவள் என்னைப் பெண் என்று நினைத்துக் காதலித்தாள். இரண்டு பேருக்கும் புத்தி மட்டு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் குற்றத்தில் பாதி தமிழுக்கும் உண்டு. ‘நான் வந்தேன், நீ வந்தாய்’ என்றே எழுதிக்கொண்டு போனால், எழுதுகிறவர் வேட்டியா புடவையா என்று கடைசிவரை தெரியாத மொழி இது.

அப்போது, எழுபத்துமூன்றில், நான் அம்பத்தூரில் ஒரு வாடகை நூலகத்தில் வேலை பார்த்தேன். காக்கிப் பையில் வாரப் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டு, சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் புதுசைக் கொடுத்துப் பழசை வாங்கி வர வேண்டும். பெண்கள் மேல் எனக்கு நாட்டமில்லை என்பது பதினைந்து வயதிலேயே தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல இருபத்தெட்டு வயதுவரை எனக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. ‘பத்திரிகை’ என்று வாசலில் குரல் கொடுப்பதைத் தவிர வாயைத் திறக்காத நாட்கள் பல உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை, திரும்பி வந்த பத்திரிகைகளை உதறியபோது நாலாக மடித்த தாள் ஒன்று விழுந்தது. சைக்ளோஸ்டைல் செய்த இரண்டு பக்கம். மேலே ‘ஒருவர்’ என்று பெயர். ‘உலகம் யாரை எனக்கு ஜோடி என்கிறதோ, அவரை என் மனம் நாடவில்லை. என் இனத்தவரைத்தான் என்னால் நேசிக்க முடிகிறது. நீயும் அப்படித்தானா? எழுது’ என்று இருந்தது. அடியில் ‘ஆசிரியர்’ என்று மட்டும் போட்டு, ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் முகவரி. நாலு தெருப் பத்திரிகைகள் ஒரே பையில் கிடந்ததால் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்றைக்கே பதில் எழுதினேன். என் பெயரில் ‘ம.’ என்ற ஓரெழுத்தை மட்டும் போட்டு, தெரிந்தவரின் சைக்கிள் கடை முகவரியைக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. அதிலிருந்து வாரம் ஒன்று. பிறந்ததிலிருந்து பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் இரண்டு பேரும் கொட்டினோம். இன்ஸ்டிடியூட்டை நடத்தும் கண்ணாடிக்கார மாஸ்டர்தான் ஆசிரியர் என்று நானாக முடிவு செய்து, அவரைத் தெருவில் பார்த்தால் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவேன். அந்த மனுஷன் என்னைக் கடன்காரன் என்று நினைத்திருப்பார்.

கடைசியில், யாருக்கும் நம்மைத் தெரியாத இடமாக இருக்கட்டும் என்று குமணன்சாவடியில் சந்திக்க முடிவு செய்தோம். அடையாளத்துக்குக் கையில் ‘ஒருவர்’ தாளைச் சுருட்டிப் பிடித்திருக்க வேண்டும். பஸ்ஸைவிட்டு இறங்கினால், எதிரே நான் பத்திரிகை போடும் செபாஸ்டியன் வீட்டு அக்கா நிற்கிறாள். இளநீர் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவளும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பி நின்றாள். முக்கால் மணிநேரம் இப்படி ஒளிந்து விளையாடிய பிறகுதான் அவள் கையிலிருந்த சுருளை நான் பார்த்தேன். என் கையிலிருந்ததை அவள் பார்த்தாள்.

“ஆசுபத்திரில தனியாப் படுத்துகினு இருந்தேன்னு எழுதினது நீயா?” என்று கேட்டாள்.

“நாந்தான்க்கா” என்றேன்.

அந்த ‘அக்கா’வோடு ஒன்றரை வருஷக் காதல் போய்ச் சேர்ந்தது. இரண்டு பேரும் சிரித்தோம், வயிறு வலிக்கிற அளவுக்கு. சிரித்து முடித்ததும் அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்த சந்தோஷம். அவளுக்கு இழப்புதான். அத்தனை நாளில் அவளுக்கு வந்த ஒரே பெண் குரல் என்னுடையது, அதுவும் பெண் குரல் இல்லை என்று ஆகிவிட்டது.

ஞானகுமாரிக்கு அப்போது முப்பத்தொன்று. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் போல்ட்டு நட்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தமிழ் டைப்பிஸ்ட். சாயங்காலம் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுப்பாள், அங்கே வரும் தபாலைப் பிரித்து வைப்பதும் அவள்தான். பத்தொன்பது வயதில் கூடப் படித்த ஒரு பெண்ணிடம் மனதைச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் மறுநாளிலிருந்து வேறு பெஞ்சில் உட்கார்ந்தாளாம். அதற்குப் பிறகு வாயால் யாரிடமும் கேட்பதில்லை என்று ஆகி, எழுத்தால் கேட்கத் துணிந்தாள். சனிக்கிழமை மதியம் ஆபீஸ் காலியானதும் மெழுகுத் தாளில் டைப் அடித்து, அதை மெஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றுவாள். வேலை முடிந்ததும் அந்த மெழுகுத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவாள்.

குமணன்சாவடிக்குப் பிறகு தாள்களை வீடுகளுக்குச் சேர்ப்பது என் பொறுப்பாயிற்று. பெண்கள் படிக்கும் பத்திரிகையாகப் பார்த்து உள்ளே செருகுவேன். பதில்கள் வந்தன, வராமல் இல்லை. ‘இனத்தவர்’ என்ற வார்த்தையைச் சாதி என்று புரிந்துகொண்ட ஒருவர், சொந்தச் சாதியில்தான் காதலிப்பாயா, வெட்கமாக இல்லையா என்று மூன்று பக்கம் திட்டியிருந்தார். ஒரு போதகர் இது ஆண்டவருக்காக ஏங்கும் ஆத்துமா என்று எண்ணி, ஞாயிறு ஆராதனைக்கு அழைத்தார். ஞானகுமாரி இரண்டையும் எனக்குப் படித்துக் காட்டிச் சிரித்தாள். எழுதுகிறவள் பெண் என்பதை மறைத்தால் அவள் தேடும் பெண் எப்படி எழுதுவாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தே இருந்தது. தைரியம்தான் வரவில்லை.

எழுபத்தைந்து கடைசியில் அவள் அண்ணன் செபாஸ்டியன் மாப்பிள்ளை பார்ப்பதில் மும்முரமானார். மனைவியை இழந்த ஒருவர், அரக்கோணத்தில் ரயில்வே வேலை. எனக்கும் வீட்டில் நெருக்கடி. நான் ஒரு யோசனை சொன்னேன். கல்யாணம் கேட்கும்போதுகூட, “அக்கா, நாம ரெண்டு பேரும் கட்டிக்கினா இன்னா?” என்றுதான் கேட்டேன்.

“கட்டிக்கினா அப்புறம் யாரும் நம்மள ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. நாமளும் தேடறத வுட்டுடுவோம், அதான் பயமாக் கீது” என்றாள். “ஒரே ஒரு தடவ மறைக்காம கேட்டுப் பாத்துடறேன் மணவாளா. ஒருத்தியும் எழுதலன்னா, அண்ணன் காட்ற ஆளுக்கே கழுத்த நீட்டிடறேன்.”

அது நெருக்கடி நிலைக் காலம். பக்கத்துக் கம்பெனியில் கூலி உயர்வு கேட்டு நோட்டீஸ் அடித்த ஒருவரைப் போலீஸ் கூட்டிப்போயிருந்தது. பயந்துபோன இவள் கம்பெனி, திங்கட்கிழமை முதல் சைக்ளோஸ்டைல் அறைக்குப் பூட்டு, சாவி மேனேஜரிடம் என்று அறிவித்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு சனிக்கிழமை. அன்று இருநூறு பிரதிகள் உருட்டினாள். ‘நான் ஒரு பெண். ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழ விரும்புகிறேன். நீயும் அப்படிப்பட்ட பெண் என்றால் பயப்படாமல் எழுது. காத்திருக்கிறேன்.’ அவ்வளவுதான், வேறு ஒரு வரி கிடையாது. தாள்களை என்னிடம் கொடுக்கும்போது, பயமாக இருந்தால் சொல்லிவிடு, நானே கொண்டுபோய்ப் போடுகிறேன் என்றாள். பயமா, எனக்கா என்று நான் சவடால் அடித்தேன்.

செவ்வாய்க்கிழமை, நான் போன முதல் தெருவின் முனையிலேயே ஒரு போலீஸ் ஜீப் நின்றது. இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் சைக்கிளைத் திருப்பி நேரே கொரட்டூர் ஏரிக்குப் போய்த் தாள்களைத் தண்ணீரில் கொட்டினேன். அவை மிதந்தன. அந்த மை எண்ணெய் மை, தண்ணீரில் கரையாது. ‘நான் ஒரு பெண்’ என்ற எழுத்து என்னைப் பார்த்தபடி கரையோரமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. இறங்கி எல்லாவற்றையும் வாரிப் பையில் திணித்து, கல்லைப் போட்டு அமுக்கினேன். முக்கால்வாசி பயம். மீதியில், யாரும் எழுதாவிட்டால் அவள் மனசு மாறி என்னையே கட்டிக்கொள்வாள் என்ற நப்பாசையும் இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வாசலுக்கு அவளே வருவாள். கடிதம் எதுவும் வரவில்லை என்று தலையை ஆட்டுவாள். பரீட்சை நேரம், பெண்களுக்கு ஒழிந்திருக்காது என்பாள். அடுத்த மாதம், தபால் மெதுவாக வருகிறது என்பாள். ஆகஸ்டில் சாக்குகள் தீர்ந்துபோயின.

“எல்லாம் போயிடுச்சா மணவாளா? ஒண்ணுகூடத் தங்கலயே?”

“எல்லாம் போயிடுச்சிக்கா.”

“அப்போ இந்தப் பக்கம் என்ன மாதிரி நான் ஒருத்திதான் போல” என்று சொல்லிப் பழைய பத்திரிகையை என்னிடம் நீட்டினாள். அடுத்த தையில் கல்யாணம். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், பந்தியில் சாப்பிட்டேன், புறப்படும்போது அவள் கணவருக்குக் கைகொடுத்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு நாள், எட்டாம் தெருவில் தனியாகக் குடியிருந்த நர்ஸ் சுசீலா என்னை நிறுத்தினாள். அந்த ‘ஒருவர்’ தாள் இப்போது ஏன் வருவதில்லை என்று மெல்லக் கேட்டாள்.

“எல்லாத்தையும் எடுத்து வச்சிகினு கீறேன்” என்றாள். “எத்தினியோ தடவ பதில் எழுதிக் கிழிச்சிப் போட்டேன். எழுதறது ஆம்பளையா பொம்பளையான்னு தெரில. அதான் அனுப்பல.”

பெண்தான் என்றேன். எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். கல்யாணமாகிப் போய்விட்டாள் என்றேன். சுசீலா வாசல் கேட்டைச் சாத்தினாள். பிறகு, இனிமேல் தன் வீட்டுக்குப் பத்திரிகை வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.